மொயராக்கி உருண்டைக் கற்கள்: போய்ப் பார்த்தவர்கள் உண்டா? கதை தெரியுமா?

உட்லண்ட்ஸ் வாசுகி

வணக்கம். ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போகிறோம். நாங்கள் இருவர், தொடக்கநிலை 5 படிக்கும் மகள், மாமியார். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து டனீடன் வரை ஓட்டுவதாக ஏற்பாடு. வழியில் மொயராக்கி என்ற ஊர்ப் பக்கம் கடற்கரையில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடக்கின்றன. படத்தில் பார்த்தால் யாரோ ராட்சதன் கோலி விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரர், "கல்லைப் பார்க்க எதுக்கு நிறுத்தணும், நேரா பெங்குவின் பார்க்கப் போயிடலாம்" என்கிறார். மகளுக்கோ தமிழாசிரியர் விடுமுறை வேலை கொடுத்திருக்கிறார். போகிற ஊரின் கதை ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்து வகுப்பில் மூன்று நிமிடம் தமிழில் சொல்ல வேண்டும். இந்தக் கற்களைப் பற்றி அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரி மக்களிடம் ஒரு கதை உண்டு, ஏதோ ஓடம், ஏதோ கிழங்கு என்று அரைகுறையாகப் படித்தேன். முழுசாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், மாமியாருக்கு முழங்கால் வலி. மணலில் ரொம்ப தூரம் நடக்க வேண்டுமா?

பழைய வெல்டர்

தங்கச்சி, கட்டாயம் நிறுத்துங்கள். ஆனால் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து நிறுத்துங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மகள் டனீடனில் படித்தாள். பட்டமளிப்புக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். மறுநாள் மருமகன் காரில் கிளம்பினோம், வடக்கே 80 கிலோமீட்டர் போல. நான் ஓய்வு பெற்ற பிறகு செம்பவாங் படகுத்துறையில் தூண்டில் போடுகிற ஆள். கைப்பேசியில் அலை நேரம் பார்ப்பது எனக்குப் பல் துலக்குவது மாதிரி. "பதினோரு மணிக்கு நல்லா வத்தியிருக்கும், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன். போய் நின்றால் கடல் கரைச்சுவரை வந்து முட்டுகிறது. தண்ணீருக்கு மேலே மூன்று மொட்டைத் தலை மட்டும் தெரிகிறது. கைப்பேசியைத் திரும்பப் பார்த்தேன். அது செம்பவாங்கின் அலை நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொண்டு போன புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள், சாப்பிட்டோம், திரும்பினோம்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சில கற்கள் என் தோள் உயரம். நல்ல உருண்டை, கடைசலில் கொடுத்து எடுத்த மாதிரி. மேலே வலை போர்த்தியது போலக் கோடுகள். ஒன்று வெடித்துத் திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியே சாம்பல் நிற ஓடு, உள்ளே மஞ்சளும் தேன் நிறமுமாகத் தகடு தகடாகப் படிகம், கற்கண்டை உடைத்து ஒட்டவைத்தது போல. நான் முப்பத்தைந்து வருஷம் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன். விரிசலைக் கண்டால் கை தானாகப் போகும். விரலால் தடவிப் பார்த்தேன். ஓடு தேய்ந்திருந்தது, விரிசலை நிரப்பிய மஞ்சள் கோடு தேயாமல் புடைத்துக்கொண்டு நின்றது. நல்ல வெல்டிங் அப்படித்தான் இருக்கும். தகடு போனாலும் தையல் போகாது.

சரி, கதைக்கு வருகிறேன். இது தென் தீவின் நைய் தாஹு என்ற மவோரி இனக்குழுவின் கதை.

அராய் தே உரு என்று ஒரு பெரிய பாய்மர ஓடம். மூதாதையர் நாடான ஹவாய்க்கியிலிருந்து கூமரா ஏற்றிக்கொண்டு வருகிறது. கூமரா என்றால் நம் சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். தென் தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கும்போது கடல் கொந்தளிக்கிறது. சரக்கெல்லாம் அடித்துப் போய்க் கரை ஒதுங்குகிறது. ஓடம் இன்னும் கொஞ்சம் தெற்கே போய் மத்தாக்காயா என்ற முனையில் உடைகிறது. ஒதுங்கிய சரக்கு அப்படியே கல்லாகிவிட்டது. மொயராக்கியில் கிடக்கும் உருண்டைகள்தான் அந்தச் சரக்கு. கூமராக் கிழங்கு, தண்ணீர் கொண்டுபோகும் சுரைக்குடுக்கை, விலாங்கு பிடிக்கும் கூடை. கூடை என்றால் மலாய்க்காரர்கள் பூபு என்பார்களே, அந்த மாதிரிப் பொறி. கல்லின் மேல் தெரியும் கோடுகள் ஓடத்தில் இருந்த மீன் வலை.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: இது சாமி கதையோ பூதக் கதையோ இல்லை, சரக்குப் பட்டியல். சாமான் போச்சு, என்னென்ன போச்சு என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். கப்பல் வேலை தெரிந்தவர்களின் கதை.

அதுவும் கிழங்கைப் பாருங்கள். கூமரா வெப்பத்துக்கு வளரும் கொடி. நியூசிலாந்தின் வட தீவில் நன்றாக விளையும். தென் தீவில் வெள்ளைக்காரர் வருவதற்கு முன் அது பயிரான தெற்கு எல்லை ஏறக்குறைய கிறைஸ்ட்சர்ச் பக்கத்துப் பாங்ஸ் தீபகற்பத்தோடு நின்றுவிடும். மொயராக்கி அதற்கும் எவ்வளவோ தெற்கே. குளிர் தாங்காது. கொண்டு வந்தோம், கரை வரைக்கும் வந்தது, கைக்குக் கிடைக்காமல் கல்லாகிவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதில் அந்த ஏக்கமும் இருக்கிறது என்பது என் கட்சி.

என் அம்மா ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவர். அரிசி கிடைக்காமல் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்று வளர்ந்தார். பிறகு சாகும் வரை மரவள்ளியைத் தொடவில்லை. சர்க்கரைவள்ளியை மட்டும் ஒரு துண்டுகூட வீணாக்க விடமாட்டார், தோலை உரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வருவதைக்கூடச் சுரண்டித் தின்பார். கிழங்கைப் பற்றிய கதை என்றால் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

கற்களைப் பார்த்துவிட்டு மத்தாக்காயாவுக்கும் போய்விட்டு வாருங்கள். தெற்கே டனீடன் போகும் வழிதான், இருபது நிமிடம் ஓட்டம். வரைபடத்தில் ஷாக் பாயிண்ட் என்று இருக்கும். கடலுக்குள் நீளமாக ஒரு பாறைத்தொடர் போகிறது. அதுதான் கல்லான ஓடத்தின் உடல். அருகே நிற்கும் பாறை முனை ஓடத்தின் தலைவன் என்கிறார்கள். எல்லாரும் உருண்டைக் கல்லோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சரக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கப்பலைப் பார்க்காமல் போனால் எப்படி?

மாமியாருக்குப் பயம் வேண்டாம். பொதுக் கார் நிறுத்தத்திலிருந்து சில நூறு மீட்டர் நடை. அலை வற்றினால் மணல் ஈரமாக இறுகி இருக்கும், கால் புதையாது. வழுக்காத செருப்பு போதும்.

கோப்பி ஓ கோசோங்

கல்லைப் பார்க்கப் பத்து மணி நேரம் பறக்கணுமா? எம்ஆர்டி பிடித்து லாப்ரடோர் பூங்காவுக்குப் போங்க. அங்கேயும் கடலோரம் கல் நிற்குது.

பழைய வெல்டர்

தம்பி, லாப்ரடோரில் நிற்பது 2005இல் வைத்த மாதிரிக் கல். அசலை 1848இல் வெள்ளைக்காரன் கப்பல் போகிற வழியை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்துவிட்டான். சீன மாலுமிகள் அதைக் கடல்நாக பல் வாசல் என்றார்கள், மலாய்க்காரர்கள் பத்து பெர்லாயார் என்றார்கள். பாய் விரித்துப் போகும் கல் என்று அர்த்தம். அதுவும் ஓடக் கல்தான், பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1848இல்தான் மான்டெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி மொயராக்கிக் கடற்கரையை உட்கார்ந்து படமாக வரைந்தார். இப்போது இருப்பதைவிட அதில் கற்கள் அதிகம். பிறகு வந்தவர்கள் சின்னச் சின்னதாக வீட்டுத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தூக்க முடியாத பெரியவை மிஞ்சின. இப்போது சட்டப்படி பாதுகாப்பு இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம், உடைக்கக் கூடாது.

சிங்கப்பூர் ஆற்று முகத்தில் இருந்த எழுத்துக் கல்லும் அப்படித்தான் போனது. 1843இல் வெடித்தார்கள். பாடாங் என்ற பலசாலி தூக்கி எறிந்த கல் என்று அதற்கு மலாய்க் கதை. அந்தப் பாடாங்கோடு பலம் பார்க்கக் கலிங்கத்து ராஜா ஒரு மல்லனை அனுப்பினார் என்று செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் வரும். தோற்றுப்போனது நம்ம கரை ஆள்! மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, அதையாவது போய்ப் பாருங்கள்.

கல்லும் மண்ணும்

நான் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. கதையை வெல்டர் அண்ணன் சொல்லிவிட்டார், கல் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசுகி, உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள்.

அலை உருட்டி உருட்டி உருண்டையானது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றுக்குள்ளேயே அவை உருண்டையாக வளர்ந்தன. சேற்றில் கிளிஞ்சலோ எலும்போ மரத்துண்டோ ஏதாவது ஒன்று கரு மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைந்த சுண்ணாம்புச் சத்து அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படிந்து சேற்றை இறுக்கிக்கொண்டே வரும். எல்லாப் பக்கமும் ஒரே வேகம் என்பதால் உருண்டை. பெரிய கல் ஒன்று அந்த அளவுக்கு வளர 40 லட்சம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறுக்களவு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும், எடை 7 டன் வரை. பிறகு உட்பகுதி சுருங்கி விரிசல் விட்டது, அந்த விரிசலில் கால்சைட் படிகம் நிரம்பியது. அண்ணன் தடவிப் பார்த்த மஞ்சள் தையல் அதுதான். கடல் செய்தது ஒரே வேலை: கரையோரக் களிமண் பாறையை அரித்து உள்ளே இருந்த உருண்டைகளை வெளியே எடுத்துப் போட்டது. பாறைச்சுவரைக் கவனித்துப் பாருங்கள், பாதி வெளியே பாதி உள்ளே என்று ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று. அதே ஷாக் பாயிண்டில் 1983இல் இப்படி இறுகிய கல்லுக்குள் ஒரு நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூடு கிடைத்தது. 6 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 7 கோடி ஆண்டு பழசு. கைஃபெக்கெயா என்று மவோரி மொழியில் பெயர் வைத்தார்கள், கணவாய் தின்னி என்று பொருள். டனீடனில் ஒட்டாகோ அரும்பொருளகத்தில் இருக்கிறது. குழந்தைக்குக் காட்டுங்கள்.

தென்றல் தெம்பனிஸ்

முக்கியமானதை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். நியூசிலாந்தில் தமிழ் மணி கிடைத்ததே! 1836 வாக்கில் கொலென்சோ என்ற பாதிரியார் வட தீவில் பார்த்தபோது மவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு உருளைக்கிழங்கு வேகவைக்கும் சட்டியாக வைத்திருந்தார்கள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று தமிழில் எழுதியிருக்கிறது. இப்போது வெலிங்டன் தே பாப்பா அரும்பொருளகத்தில் இருக்கிறது. அப்படியானால் உடைந்த ஓடம் தமிழன் ஓடம்தானே? கூமரா என்பது குமரா! முருகன் பெயர்!

பழைய வெல்டர்

மணி உண்மை, எழுத்தும் உண்மை. நானே ஒரு கல்யாண வீட்டில் இதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். ஆனால் அந்த மணி கிடைத்தது வட தீவு, நாம் பேசுவது தென் தீவு. மணி எப்படிப் போனது என்பதற்கு ஆயிரம் வழி இருக்கலாம். அதை வைத்து அடுத்தவர் ஓடத்தை நம் பெயரில் எழுதிக்கொள்ள முடியுமா?

குமரா விஷயமும் அப்படித்தான். டனீடன் கடையில் "கூமரா" என்று எழுதி வைத்த குவியலைப் பார்த்து என் மனைவியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவில் பிறந்தது. ஆண்டீஸ் மலைப் பக்கத்து மொழிகளில் குமர் என்பது போல ஒரு சொல் இருக்கிறது. பசிபிக் தீவுக்காரர்கள் கிழங்கையும் பெயரையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள் என்கிறார்கள். நமக்கு அது பின்னால் ஐரோப்பியக் கப்பலில் வந்து சேர்ந்ததுதான். பொங்கலுக்குப் படைக்கிறோம் என்பதால் நம்முடையது ஆகிவிடாது. படைப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

அந்த மக்கள் எத்தனை கடல் மைல் ஓட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரும்பு ஆணி இல்லாமல், கயிற்றால் கட்டிய ஓடம். நான் வெல்டர், எனக்கு அது புரியும்.

உட்லண்ட்ஸ் வாசுகி

எல்லாருக்கும் நன்றி. வெல்டர் ஐயா, மகள் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறாள். ஓடத்தில் இருந்த ஆட்கள் என்ன ஆனார்கள்? தண்ணீரில் போய்விட்டார்களா?

பழைய வெல்டர்

ஐயா எல்லாம் வேண்டாம், அண்ணன் போதும்.

பிழைத்துக் கரை ஏறினார்கள் என்றுதான் கதை. உள்நாட்டைப் பார்க்க இரவில் கிளம்பிப் போனார்கள். விடிவதற்குள் திரும்பியிருக்க வேண்டும். முடியவில்லை. விடிந்ததும் அங்கங்கே அப்படியே மலையாக நின்றுவிட்டார்கள். அந்த வட்டாரத்து மலைகள் பலவற்றுக்கு அந்த ஆட்களின் பெயர்தான். ஒரு வழக்கின்படி ஆவோராக்கியும் அவர்களில் ஒருவர். நியூசிலாந்திலேயே உயர்ந்த மலை, 3,724 மீட்டர். வரைபடத்தில் குக் மலை என்ற பெயரும் சேர்ந்திருக்கும்.

மகளிடம் சொல்லுங்கள், காரில் போகும்போது ஜன்னலில் தெரிகிற மலையை எல்லாம் பார்த்து "இவர் விறகு பொறுக்கப் போனவர், இவர் தண்ணீர் எடுக்கப் போனவர்" என்று பெயர் வைத்துக்கொண்டு போகலாம். அது நானாகச் சேர்த்த விளையாட்டு, வகுப்பில் சொல்லும்போது அதைக் கலக்க வேண்டாம்.

ஜூன் அங்கே குளிர்காலம், ஞாபகம் இருக்கட்டும். எட்டே காலுக்குத்தான் விடியும், ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அலை வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். மொயராக்கி என்று ஊர்ப்பெயர் போட்டுப் பாருங்கள். செம்பவாங் என்று இல்லை.

உட்லண்ட்ஸ் வாசுகி

போய் வந்துவிட்டோம்! மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அலை நன்றாக வற்றியிருந்தது. காற்றுதான் காதை அறுத்தது. வீட்டுக்காரர் காரிலேயே இருக்கிறேன் என்றார், ஐந்து நிமிடத்தில் பின்னாலேயே வந்துவிட்டார். டீச்சர் சொன்ன மாதிரி கரைச்சுவரில் பாதி புதைந்த ஒன்றை மகள் கண்டுபிடித்தாள். கோழி முட்டை வெளியே வருகிற மாதிரி இருக்கிறது என்றாள், அந்தப் படத்தை இங்கே போடவில்லை, அவள் விட மாட்டேன் என்கிறாள்.

மாமியார் கற்களுக்கு நடுவே போவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தக் குளிரில்! நான் எவ்வளவோ சொன்னேன். ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே போனார். கதையை மகள் அவருக்குச் சொன்னாள், அதுதான் ஒத்திகை. ஷாக் பாயிண்டுக்குப் போவதற்குள் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடல் சாம்பல், அதில் கறுப்பாக ஒரு கோடு போல அந்தப் பாறைத்தொடர். மேலே கடல்நாய்கள் படுத்திருந்தன, நாற்றம் தாங்கவில்லை. வீட்டுக்காரர்தான் அண்ணன், "ஆமா, கப்பல் கவுந்த மாதிரிதான் இருக்கு" என்று முதலில் சொன்னது.

வகுப்பில் மூன்று நிமிடம் நாலரை நிமிடம் ஆனதாம். ஆசிரியர் நிறுத்தவில்லையாம்.

ஆனால் மாமியார் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. "ஒரு கிழங்கு கூடவா யாரும் காப்பாத்தல? அப்ப அந்த ஊர்க்காரங்க கூமரா சாப்பிட்டதே இல்லையா?"

பழைய வெல்டர்

பெரியம்மா சரியான ஆள். அவரிடம் சொல்லுங்கள், சாப்பிட்டார்கள். வடக்கே விளைந்த கூமரா பண்டமாற்றாகத் தெற்கே வந்தது. பதிலுக்குத் தெற்கேயிருந்து டிட்டி என்ற கடற்பறவையின் கறி போனது. பறவையை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து, பெரிய கடற்பாசி இலையைப் பை மாதிரி பிளந்து அதற்குள் அடைத்து, மரப்பட்டை சுற்றிக் கட்டி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் கெடாதாம். ஊறுகாய் ஜாடி மாதிரி என்று சொன்னால் அவருக்குப் புரியும்.